லாகைப் பிரிக்காதீர்கள்

நம் கிளப்பின் போட்டிக் குழுவில் இருக்கும் மூத்த ஓஎம்-களுக்கும், இந்த ஆண்டு புதிதாக வீயூ3 உரிமம் வாங்கிச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் எடுத்த முடிவைப் படித்தேன். அக்டோபர் காண்டெஸ்ட்டுக்கு நெட்வொர்க் வேண்டாமாம். மேசைக்கு ஒரு லேப்டாப், தொடர்புகளைப் பதியத் தனித்தனி லாக். திங்கட்கிழமை காலையில் பென் டிரைவில் எடுத்து ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாமாம். கட்டைவிரல் காட்டியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் பேச்சு முடிந்துவிட்டது போலத்தான் தெரிகிறது. ஆனாலும் என் மறுப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் நான்கு வரியில் எழுதினால் சண்டைக்கு வந்ததுபோல் ஆகிவிடும். அதனால் மடலாகவே எழுதுகிறேன். மற்ற ஊர் நண்பர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்தே வைக்கிறேன்.

முதலில் புதியவர்களுக்காகக் கொஞ்சம். நாம் போகும் சிக்யூ வேர்ல்ட் வைட் ஹாம் ரேடியோப் போட்டி 1948-இல் தொடங்கியது. அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் குரல். நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் மோர்ஸ். மொத்தம் 48 மணி நேரம். யூடிசி கணக்கில் சனி, ஞாயிறு. நம் கடிகாரத்தில் சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கித் திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு முடியும். 160, 80, 40, 20, 15, 10 மீட்டர் என்று ஆறு பேண்ட். சிக்னல் அறிக்கையும் மண்டல எண்ணும் பரிமாறிக்கொள்ள வேண்டும்; நம் மண்டலம் 22. வேறு கண்டத்தோடு பேசினால் 3 புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாடென்றால் 1, இந்தியரோடு இந்தியர் பேசினால் புள்ளி கிடையாது. இப்படிச் சேரும் புள்ளிகளை, ஒவ்வொரு பேண்டிலும் புதிதாகப் பிடித்த மண்டலங்கள், நாடுகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் (இதைத்தான் மல்ட் என்கிறோம்) பெருக்க வேண்டும். கூட்டல் அல்ல, பெருக்கல். நான் சொல்லப் போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

போன அக்டோபரில் ஏலகிரியில் நடந்ததால்தான் உங்களுக்கு நெட்வொர்க் என்றாலே கசக்கிறது. புரிகிறது. சனிக்கிழமை மாலை, மழை பிடித்துக்கொண்ட நேரம். ஏழு மணிக்கு மேல் இரண்டாம் மேசைக்கு முதல் மேசையின் தொடர்பு ஒன்றுகூட வந்து சேரவில்லை. நெட்வொர்க் ஸ்டேட்டஸ் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் தெரிந்திருக்கும். அதன்மேல் பேண்ட்மேப்பை இழுத்துப் போட்டு மூடியிருந்தோம். எட்டரைக்குத்தான் ஒருவர் கண்ணில் பட்டது. உடனே ஒருவர் கேபிளைப் பிடுங்கிச் செருகினார். இன்னொருவர் ரூட்டரை அணைத்துப் போட்டார். மூன்றாமவர் மென்பொருளையே மூடித் திறந்தார். திறந்த வேகத்தில் பழைய போட்டி ஒன்றின் லாகைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நள்ளிரவுக்கு மேல் இரண்டாம் மேசையில் ரஃப் நோட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சாஃப்ட்வேர் சரியில்லை.

அந்த லேப்டாப்புகளைப் பிறகு வீட்டில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். இரண்டாம் மேசை லேப்டாப் கேபிளில் இல்லவே இல்லை, வைஃபையில் இருந்தது. நம் ரூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது. மூன்று லேப்டாப்பையும் இணைப்பதற்காக மட்டுமே வைத்திருந்தோம். இன்டர்நெட் இல்லாத வைஃபை எதற்கு என்று விண்டோஸ் தானாக முடிவெடுத்து, யாரோ செல்லில் போட்டிருந்த ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவிவிட்டது. முன்பு எப்போதோ அந்த ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல்லை அதில் சேமித்திருக்கிறார்கள். மூன்றாம் மேசையில் வேறு கோளாறு: புது நெட்வொர்க்கைப் பொது இடத்து நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு ஃபயர்வால் கதவைச் சாத்தியிருந்தது. போதாக்குறைக்கு, மூன்று இயந்திரங்களில் இரண்டில்தான் ஒரே பதிப்பு. கடைசியாக, 40 மீட்டரில் முழு பவரில் பேசும்போதெல்லாம் ரூட்டர் தன்னைத் தானே அணைத்து எழுந்துகொண்டிருந்தது. அதன் அடாப்டர் ஒயரைக் கோஆக்ஸ் கேபிளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள்.

இதில் எது என்1எம்எம்-மின் குற்றம்? அது இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். டாம் வாக்னர் என்ற அமெரிக்க ஹாம் தொடங்கியது. அவருடைய கால்சைனே மென்பொருளின் பெயராக நிலைத்துவிட்டது. இன்று தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். அது நெட்வொர்க்கை நடத்தும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். நடுவில் சர்வர் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு லேப்டாப்பிலும் முழு லாகும் இருக்கும். முதல் மேசையில் என்டர் தட்டியதும் அந்தத் தொடர்பு அங்கே பதிவாகி, மற்ற மேசைகளுக்கும் ஒரு நகல் போகும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம் இருப்பதால், பின்னர் ஒரு மேசையில் திருத்தினால் மற்ற மேசைகளிலும் அதே வரி திருந்தும். இணைப்பு அறுந்தால் அந்த மேசை தன்பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டே இருக்கும். இணைப்பு திரும்பியதும் விடுபட்டதைக் கேட்டு வாங்கிக்கொள்ள ரீசிங்க் இருக்கிறது. அன்று இரவு நாம் அமைதியாகப் பேசிக்கொண்டே இருந்து, ஒருவரை மட்டும் இணைப்பைப் பார்க்கச் சொல்லியிருந்தால் ஒரு தொடர்புகூடத் தொலைந்திருக்காது. தொலைந்தது நோட்டில் எழுதியதுதான்.

ஆக, நெட்வொர்க் அறுந்தால் நீங்கள் இப்போது கேட்கும் நிலைமைதான் வரும்: தனித்தனி லாக், பிறகு சேர்த்தல். அது கைவசம் இருக்கும் மாற்று வழி. அதை எதற்கு முதல் வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்?

கல்யாண மண்டபத்தில் இரண்டு வாசலிலும் மொய் மேசை போட்டு, ஒரு மேசையில் எழுதுவது மற்ற மேசைக்குத் தெரியாமல் இருந்தால் என்ன ஆகும்? மொத்தத் தொகை எப்படியும் வந்துவிடும். ஆனால் யார் இன்னும் எழுதவில்லை, தாய்மாமன் வந்தாரா இல்லையா என்று அந்த நேரத்தில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பென் டிரைவில் சேர்ப்பதும் அப்படித்தான். மொத்தம் திங்கட்கிழமை வரும். நமக்குத் தேவை சனிக்கிழமை இரவு.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நம்மிடம் 2000 புள்ளியும் 200 மல்ட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் 4,00,000. இப்போது ஐரோப்பாவிலிருந்து ஏற்கனவே பிடித்த நாட்டுக்காரர் ஒருவரோடு பேசினால் 3 புள்ளி கூடும். ஸ்கோர் 600 ஏறும். அதே நேரத்தில் புது நாடு, புது மண்டலம் இரண்டும் சேர்ந்து வரும் ஒரு நிலையத்தைப் பிடித்தால் 2003-ஐ 202-ஆல் பெருக்க வேண்டும்: 4,04,606. ஒரே தொடர்புதான், ஆனால் ஏறியது 4,606. கிட்டத்தட்ட எட்டு மடங்கு.

இதை நடைமுறையில் பாருங்கள். முதல் மேசை 15 மீட்டரில் ரன் ஓட்டிக்கொண்டிருக்கிறது, அதாவது ஒரே அலைவரிசையில் நின்று கூப்பிடுபவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறது. வரிசையாக இத்தாலி, போலந்து, ஜெர்மனி. நடுவே சாம்பியாவிலிருந்து ஒருவர் கூப்பிடுகிறார், மண்டலம் 36. பேண்டுவாரியாக மல்ட் காட்டும் ஜன்னலில் 10 மீட்டர் கட்டம் காலி என்று தெரிகிறது. ஆபரேட்டர் அவரிடம், “ஓஎம், 10 மீட்டருக்கு வர முடியுமா?” என்று கேட்டு அலைவரிசை சொல்கிறார். இரண்டாம் மேசைக்குத் திரையில் செய்தி போகிறது. இருபது விநாடியில் 10 மீட்டரிலும் அவர் லாகில். லாக் தனித்தனியாக இருந்தால் 10 மீட்டர் கட்டம் காலியா என்று முதல் மேசைக்கு எப்படித் தெரியும்? ஹெட்ஃபோனைக் கழற்றி, அறையைத் தாண்டிக் கத்தி, பதில் வருவதற்குள் அவர் போயிருப்பார். ரன்னும் உடைந்திருக்கும்.

டூப்பைப் பற்றி, அதாவது ஒரே பேண்டில் ஒரே நிலையத்தோடு மறுபடி பேசுவதைப் பற்றி, நீங்கள் பேசும் அளவுக்கு எனக்குக் கவலை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். “சேர்க்கும்போது டூப்பை எடுத்துவிடலாம்” என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். எடுக்கவே கூடாது. இந்தப் போட்டியில் டூப்புக்குத் தண்டனை கிடையாது. அப்படியே விட்டுவிடச் சொல்கிறார்கள். நீங்கள் டூப் என்று நீக்கும் வரிதான் எதிராளியின் லாகில் இருக்கும் ஒரே சரியான வரியாகவும் இருக்கலாம். நீக்கினால் அவர் தொடர்பும் அடிபடும். நம்மைக் கூப்பிடும் டூப்பிடம் “ஏற்கனவே பேசியாச்சு” என்று விளக்கம் சொல்வதைவிட ஒரு தடவை பேசி அனுப்புவதுதான் வேகம். டூப் வலிப்பது வேறு இடத்தில். மத்தியானம் முதல் மேசை 15 மீட்டரில் இருந்தது. இரவு இரண்டாம் மேசை அதே பேண்டை எடுத்துக்கொள்கிறது. மேசை எதுவானாலும் ஒரு நிலையத்தோடு பேண்டுக்கு ஒரு தடவைதான் கணக்கு. முதல் மேசை யாரையெல்லாம் பிடித்தது என்று தெரியாமல், பிடித்துவிட்ட கரீபியன் நிலையம் ஒன்றைப் பலரும் சேர்ந்து கூப்பிடும் பைல்-அப்பில் கால் மணி நேரம் தொண்டை கட்டக் கத்துவோம் பாருங்கள், அதுதான் டூப்பின் விலை.

நாம் கலந்துகொள்ளும் மல்டி-டூ பிரிவின் விதியும் இருக்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு சிக்னல், அதுவும் இரண்டு வெவ்வேறு பேண்டில். ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் ஒரு கடிகார மணிக்குள் 8 பேண்ட் மாற்றங்கள்தான். எந்தத் தொடர்பை எந்த டிரான்ஸ்மிட்டர் செய்தது என்று லாகில் வரிக்கு வரி குறித்திருக்க வேண்டும். அனுப்பும் கப்ரில்லோ கோப்பில் கடைசிப் பத்தியில் 0 அல்லது 1 என்று நிற்பது அதுதான். நெட்வொர்க்கில் ஒவ்வொரு மேசையையும் ரன் 1, ரன் 2 என்று முன்பே அமைத்துவிட்டால் இந்தக் கணக்கை மென்பொருளே வைத்துக்கொள்ளும். தனித்தனிக் கோப்புகளை ஏடிஐஎஃப்-பாக எடுத்துச் சேர்த்தால் அந்த 0-வும் 1-உம் சரியாக வந்து சேர்ந்ததா என்று தூக்கம் இல்லாத கண்ணோடு திங்கட்கிழமை உட்கார்ந்து பார்க்க வேண்டும். யார் பார்க்கப் போகிறீர்கள்?

மார்ச் கடைசியில் வரும் டபிள்யூபிஎக்ஸ் இன்னும் மோசம். அங்கே மண்டல எண்ணுக்குப் பதில் வரிசை எண் கொடுக்க வேண்டும். மல்டி-டூவில் பேண்டுக்கு ஒரு வரிசை. காலையில் ஒரு மேசை 20 மீட்டரில் 412 வரை கொடுத்துவிட்டு எழுந்து போகிறது. மாலையில் வேறு மேசை அதே பேண்டுக்கு வந்தால் 413-இல் தொடங்க வேண்டும். லாக் இணைந்திருந்தால் திரையிலேயே 413 நிற்கும். இல்லையென்றால் சுவரில் சீட்டு ஒட்டுவதா? இதற்காகத்தான் நெட்வொர்க்கில் ஒரு லேப்டாப்பை மாஸ்டர் என்று வைக்கிறோம். யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள் என்று சொல்லும் இன்டர்நெட் கிளஸ்டரிலிருந்து ஸ்பாட் வாங்கி மற்ற மேசைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதுவே. மாஸ்டர் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் இரண்டு பேர் திரையில் மாஸ்டர் பெட்டியைத் தட்டிவிடாதீர்கள்.

மூத்தவர்கள் சிலர், “நாங்கள் காகிதத்தில் எழுதியே போட்டி நடத்தினோம்” என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அந்தக் காகித லாகுக்குப் பக்கத்தில் டூப் ஷீட் என்று இன்னொரு காகிதம் இருந்தது. எழுத்துவாரியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கால்சைனையும் அதிலும் எழுதுவீர்கள். பேண்ட் கைமாறினால் அந்தத் தாளும் கைமாறும். மேசைகள் ஒன்றையொன்று அறிய வேண்டும் என்ற தேவை அப்போதே இருந்தது; தாளே நெட்வொர்க்காக ஓடியது. 1980-களில் கென் வுல்ஃப் எழுதிய சிடி என்ற டாஸ் மென்பொருள் வந்ததும் பெரிய நிலையங்கள் முதலில் செய்தது என்ன? சீரியல் போர்ட்டுகளைக் கேபிளால் கோத்துக் கணினிகளை ஒன்றோடொன்று பேசவைத்தார்கள். ஈதர்நெட் எல்லாம் வீட்டுக்கு வராத காலம். அவ்வளவு கஷ்டப்பட்டு அவர்கள் இணைத்ததை, கேபிளும் ஸ்விட்ச்சும் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் நாம் பிரிக்கப் போகிறோம்.

இப்போது, அந்த நோட்டு. இதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். நள்ளிரவிலிருந்து விடியும்வரை நோட்டில் எழுதியதைத் திங்கட்கிழமை லாகில் ஏற்ற உட்கார்ந்தபோது, பல வரிகளில் நேரம் இல்லை. சில கால்சைன்களில் ‘பி’யா ‘டி’யா என்று எழுதியவருக்கே தெரியவில்லை. “நெட்டில் தேடிப் பார்த்தால் சரியான கால்சைன் கிடைத்துவிடுமே” என்று ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். கூடாது. போட்டி முடிந்த பிறகு தரவுத்தளம், ஒலிப்பதிவு, மின்னஞ்சல் என்று எதை வைத்தும் கால்சைனையோ பரிமாற்றத்தையோ திருத்தக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அன்று அந்த வரிகளை விட்டுவிட்டு அனுப்பினோம். அது சரியான முடிவு. ஆனால் அந்த நிலைமைக்கே ஏன் போக வேண்டும்? காதில் கேட்ட நொடியில் கையால் தட்டி, என்டர் போட்ட லாகுக்குத்தான் மதிப்பு. பிறகு ஏற்றும் லாகில், வேண்டுமென்றே இல்லாவிட்டாலும், திருத்தம் நுழைந்துவிடும்.

நாம் அனுப்பும் லாக் நம்மோடு முடிந்துவிடுவதும் இல்லை. வந்து சேரும் எல்லா லாகுகளையும் கணினி ஒன்றோடொன்று ஒப்பிடும். நாம் எழுதிய தொடர்பு எதிராளியின் லாகில் இல்லையென்றாலும், கால்சைனை நாம் தவறாக எழுதியிருந்தாலும், அந்தத் தொடர்பு போவதோடு தண்டமாகவும் புள்ளி கழியும். பிறகு லாகுகள் பொதுவில் வைக்கப்படும்; உலகத்தில் யார் வேண்டுமானாலும் நம் வரிகளைப் படிக்கலாம். லேப்டாப்புகளின் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டினால் அதுவும் அங்கே அப்பட்டமாகத் தெரியும்: ஒரு நிமிடத்தில் 20 மீட்டர், “அதற்கு முந்தைய” நிமிடத்தில் 15, மறுபடி 20. பேண்ட் மாற்றக் கணக்கும் அதோடு குழம்பிப் போகும்.

சரி, என்ன செய்வது என்று கேட்பீர்கள். செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டும்.

வைஃபையை மறந்துவிடுங்கள். மூன்று லேப்டாப்பிலும் வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு சாதாரண ஸ்விட்ச்சில் கேபிளால் இணைப்போம். கிளஸ்டருக்கு இன்டர்நெட் வேண்டுமென்றால் அது மாஸ்டருக்கு மட்டும் வரட்டும். லாக் நெட்வொர்க்குக்கு இன்டர்நெட்டே தேவையில்லை. “மலையில் நெட் இல்லை, அதனால் நெட்வொர்க் இல்லை” என்ற பேச்சு இனி வேண்டாம். ஸ்விட்ச்சைச் சிறிய யூபிஎஸ்ஸில் போடுவோம். அக்டோபர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்ட நேரம். கரண்ட் போகும், ஜெனரேட்டர் எடுக்கும்வரை லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் ஸ்விட்ச் செத்துவிடும். எல்லோரும் மறக்கும் இடம் அதுதான்.

கேபிளின் இரண்டு முனையிலும் 31 வகை ஃபெரைட் வளையத்தில் பல சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்று போட்டுவிட்டு ஃபெரைட் போட்டாச்சு என்று சொல்லக் கூடாது. இது நம் சிக்னலின் பவர் நெட்வொர்க் கேபிளுக்குள் போகாமல் இருக்க மட்டுமில்லை, கேபிளின் இரைச்சல் நம் ரிசீவருக்கு வராமல் இருக்கவும்தான். ஈதர்நெட்டிலிருந்து கசியும் பீப் சத்தம் 14.030 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உட்கார்ந்திருக்கும். நவம்பரில் மோர்ஸ் போட்டிக்கு அந்த இடம் நமக்கு வேண்டும். கோஆக்ஸோடு நெட்வொர்க் கேபிளையோ அடாப்டர் ஒயரையோ சேர்த்துக் கட்டும் அழகுணர்ச்சியை இந்த ஒரு வார இறுதிக்கு ஒத்திவையுங்கள்.

எல்லா லேப்டாப்பிலும் ஒரே பதிப்பு. வியாழக்கிழமை இரவோடு அப்டேட் முடிந்தது. அதற்குப் பிறகு விண்டோஸ் கேட்டாலும் மென்பொருள் கேட்டாலும் “பிறகு” என்றே பதில். தூங்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். கடிகாரத்தை மலையேறும் முன்பே இன்டர்நெட்டில் சரிபார்த்துவிட வேண்டும். நெட்வொர்க் ஸ்டேட்டஸ் ஜன்னல் ஒவ்வொரு திரையிலும் ஒரு மூலையில் எப்போதும் தெரிய வேண்டும். அதன்மேல் எதையும் போட்டு மூடக் கூடாது. பாதியில் ஒரு இயந்திரம் காணாமல் போனால் ஆபரேட்டர்கள் கையை வைக்க வேண்டாம், பேசிக்கொண்டே இருங்கள். லாகுக்கென்று ஷிஃப்ட்டுக்கு ஒருவர் இருப்பார், அவர் மட்டும் தொடுவார். போன தடவை நம்மைக் கவிழ்த்தது கோளாறு அல்ல, ஒரே சமயத்தில் மூன்று பேர் அதைச் சரிசெய்தது.

ஷிஃப்ட் மாறும்போது உட்காருபவர் முதலில் கன்ட்ரோல்-ஓ தட்டித் தன் கால்சைனைப் போட வேண்டும். பலருக்கு இது வெட்டி வேலையாகத் தெரிகிறது. யார் எப்போது எந்தப் பேண்டில் எவ்வளவு வேகத்தில் ஓட்டினார்கள், யாருடைய வரிகளில் தவறு அதிகம் என்பதெல்லாம் பிறகு இதை வைத்துத்தான் தெரியும். ஒருவரைக் குற்றம் சொல்ல அல்ல. இரவு இரண்டு மணிக்கு மேல் யாரை உட்காரவைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள.

புதியவர்களுக்கு இணைந்த லாகில் ஒரு லாபம் இருக்கிறது. அதை யாரும் குழுவில் சொல்லவில்லை. மூன்றாம் மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு வீயூ3 மாணவி, முதல் மேசையில் அனுபவசாலி ஒருவர் தட்டுவதை வரிக்கு வரி திரையில் பார்க்கிறாள். தன் காதில் விழுந்த கால்சைனும் அவர் எழுதிய கால்சைனும் ஒன்றா என்று ஒப்பிடுகிறாள். பெரும்பாலும் இருக்காது. மூன்றாவது மணி நேரத்தில் இருக்கத் தொடங்கும். தனித்தனி லாக் என்றால் அவளுக்கு ஒரு காலித் திரைதான். கூடவே ஒரு எச்சரிக்கை: பாதி எழுத்துகளைத் தட்டியதும் பொருந்தும் கால்சைன்களை வரிசையாகக் காட்டும் பட்டியலை நம்பி என்டர் போடாதீர்கள். அது ஞாபகப்படுத்துவதற்கு, காது சொல்வதே கணக்கு. பட்டியலில் இருப்பவர் இன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

“இதெல்லாம் பேரிடர் காலத்துக்கும் நல்ல பயிற்சி” என்று அறிக்கையில் எழுதச் சொல்கிறார் நம் செயலாளர். எழுதலாம், பொய் இல்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, தொலைதூரத் தொடர்புகளுக்காகப் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், அந்தமானிலிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பும் வேலைக்கு உடனே மாறினார்கள். போட்டி வேகத்தில் கேட்டு எழுதும் பழக்கம் அப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுக்கும். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி இந்த மடலைக் கனப்படுத்த எனக்கு விருப்பமில்லை. நாம் ஏலகிரிக்குப் போவது போட்டி போட, ராத்திரி முழுக்கத் தேநீர் குடித்துக்கொண்டு பிரேசில்காரரைத் துரத்த. அதை நன்றாகச் செய்தால் போதும்.

என் கோரிக்கை இவ்வளவுதான். முடிவை இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம்வரை நிறுத்திவையுங்கள். அன்று மூன்று லேப்டாப்பையும் மேசையில் வைத்து இணைத்துக் காட்டுகிறேன். உங்களில் யார் வேண்டுமானாலும் நடுவில் கேபிளைப் பிடுங்குங்கள், பிடுங்கியபடியே பத்துத் தொடர்புகளைப் பதிவு செய்யுங்கள், மறுபடி செருகுங்கள். அந்தப் பத்தும் மற்ற இரண்டு திரைகளிலும் வந்து சேரவில்லையென்றால் பென் டிரைவ் யோசனைக்கு நானே கட்டைவிரல் காட்டுகிறேன். வந்து சேர்ந்தால், அக்டோபருக்கு முன்னால் வரும் ஏதாவது ஒரு சின்னப் போட்டியில் கிளப் அறையிலிருந்தே சில மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மலையேறுவோம்.

ஸ்விட்ச், கேபிள், ஃபெரைட் மூன்றும் என் பொறுப்பு. யூபிஎஸ் யாராவது கொண்டு வாருங்கள், பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. லேப்டாப் கொண்டுவருபவர்கள் சொந்த லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள். அலுவலக லேப்டாப் வேண்டவே வேண்டாம். ஃபயர்வாலைத் திறக்க அட்மின் கடவுச்சொல் கேட்கும், அது உங்கள் ஐடி பிரிவிடம்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனை எடுக்க மாட்டார்கள்.

73,
உங்கள் லாக் பொறுப்பாளர்